யாருடைய பழமை? – ஒரு கைக்கடிகார வழக்கு



சென்ற வெள்ளிக்கிழமை எங்கள் பள்ளியின் ஆசிரியர் அறையில் ஒரு சச்சரவு. பாடத்திட்டம் பற்றியதன்று, தேர்வு பற்றியதன்று. ஒரு கைக்கடிகாரம் பற்றியது!

எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டில் பிறந்து, எங்கள் தமிழ்ப்பள்ளியில் ஒன்றாம் ஆண்டு முதல் ஆறாம் ஆண்டு வரை பயின்ற மாணவன் ஒருவன், ஆசிரியர் கல்விக் கழகத்தில் பட்டப்படிப்பை முடித்துப் பணியமர்வுக் கடிதம் பெற்றிருக்கிறான். அவன் தாயார் இன்றும் கொழுந்து பறிக்கிறார். அவனுக்கு நினைவுப் பரிசாக ஒரு கைக்கடிகாரம் தரவேண்டும் என்று பெற்றோர்களும் பழைய மாணவர்களும் ஆசிரியர்களும் சேர்ந்து 900 வெள்ளி திரட்டினோம். எதை வாங்குவது என்று முடிவு செய்ய ஐவர் குழு அமைத்தோம். ஐவரில் நானும் ஒருவன்.

மேசைமேல் இரண்டு படங்கள் இருந்தன. ஒன்று சீக்கோ 5 வரிசையைச் சேர்ந்த, விளையாட்டுப் பாணியிலமைந்த தானியங்கிக் கடிகாரம். மற்றொன்று ஓரியண்ட் நிறுவனத்தின் ‘பாம்பினோ’. பழங்காலப் பாணியில் மெல்லிய முட்களும் குவிந்த கண்ணாடியும் தோல்வாரும் கொண்டது. கடைக்காரர் இவ்வகையை ‘டிரஸ் வாட்ச்’ என்பார். நான் விழாக் கடிகாரம் என்று சொல்லிக்கொள்கிறேன்.

குழுவில் மூத்தவரான நண்பர் முதற்படத்தைத் தள்ளி வைத்தார். “ஆசிரியன் கையில் நீச்சல்காரன் கடிகாரமா? ஆசிரியனுக்கென்று ஒரு தோற்றம் வேண்டாமா? இதைப் பாருங்கள். பழமையின் மிடுக்கு இதில் இருக்கிறது” என்றார். மூவர் தலையசைத்தனர். மணி அடித்தது, கூட்டம் அடுத்த வெள்ளிக்கு ஒத்திவைக்கப்பட்டது. அன்று சொல்ல முடியாமற் போனதை இங்கே எழுதுகிறேன். நண்பர் நல்லாசிரியர், என் மதிப்புக்குரியவர். என் வழக்கு அவரோடன்று. அவர் உதிர்த்த ‘பழமை’ என்னும் சொல்லோடுதான்.

முதலில், பொருளைப் பார்ப்போம்

பலரும் நினைப்பதுபோல் இது தானியங்கிக்கும் சாவி கொடுக்கும் கடிகாரத்திற்கும் இடையிலான போட்டியன்று. இரண்டுமே தானியங்கிகள். கை அசையும்போது உள்ளே ஓர் எடைத்தகடு சுழன்று சுருள்வில்லை முறுக்குகிறது. அந்த முறுக்கில் கடிகாரம் ஓடுகிறது. கழற்றி வைத்தால் ஏறத்தாழ 40 மணி நேரத்தில் நின்றுவிடும். மின்கலம் இரண்டிலும் இல்லை.

உறவிலும் இவை தொலைவானவை அல்ல. ஓரியண்ட் நிறுவனம் 2009இல் சீக்கோ எப்சனின் முழு உரிமைக்குள் வந்துவிட்டது. ஆகவே ‘இது பழம்பெருமை மிக்க குலம், அது நேற்று முளைத்தது’ என்னும் பேச்சுக்கு இடமே இல்லை. சொல்லப்போனால், சீக்கோ 5இன் வயதே அறுபதைத் தாண்டியது. 1963இல் அந்த வரிசை தொடங்கியபோது ஐந்து பண்புகளை வாக்குறுதியாகத் தந்தார்கள்: தானே முறுக்கிக்கொள்வது, கிழமையும் தேதியும் ஒரே சாளரத்தில் தெரிவது, நீரைத் தாங்குவது, கையை உறுத்தாதபடி திருகி நான்கு மணிப்பக்கம் ஒதுங்கியிருப்பது, கூடும் பட்டையும் உறுதியாக இருப்பது. இவற்றுள் ஒன்றுகூட அலங்காரமன்று. நாள்தோறும் உழைப்பவனுக்கு ஒரு கடிகாரம் என்ன செய்யவேண்டும் என்பதன் பட்டியல் அது.

இனி வேறுபாடுகளுக்கு வருவோம். மேசைமேல் இருந்த சீக்கோ 100 மீட்டர் அளவுக்கு நீர்த்தாங்கும் தரம் உடையது. பாம்பினோ 30 மீட்டர். முப்பது மீட்டர் என்றதும் அவ்வளவு ஆழத்தில் நீந்தலாம் என்று எண்ணிவிடாதீர்கள். அது மழைத்தூறலையும் கைகழுவும் துளிகளையும் தாங்கும் என்பதற்கான தரம், அவ்வளவே. சீக்கோவின் முட்களிலும் எண்குறிகளிலும் இருளில் ஒளிரும் பூச்சு உண்டு. அந்தப் பாம்பினோவில் இல்லை. ஒன்றுக்கு எஃகுப்பட்டை, மற்றொன்றுக்குத் தோல்வார்.

நாம் வாழுமிடம் எது? கேமரன் மலை. வானம் வெளுக்கும் முன்னே மூடுபனி, பிற்பகலில் மழை. தேயிலைச் செடிகளின் மேல் எந்நேரமும் ஈரம். அலமாரியில் வைத்த தோற்செருப்பு பூஞ்சணம் பூக்கும் ஊர் இது. இங்கே தோல்வாருக்கு எத்தனை மாத ஆயுள் என்று மலையில் வாழ்வோர்க்கு நான் சொல்லவேண்டியதில்லை. சூரியனோ ஆண்டு முழுவதும் ஏறத்தாழ ஏழு மணிக்குத்தான் எழுகிறான். ஆறு மணிக்குப் புறப்படும் ஆசிரியனும் அதற்கு முன்பே எழும் தொழிலாளியும் இருட்டில்தான் மணி பார்க்கிறார்கள்.

நீரும் இருளும் மட்டும் கணக்கென்றால் வழக்கு இங்கேயே முடிந்துவிடும். ஆனால் நண்பர் பயன்பாட்டைப் பற்றிப் பேசவில்லை. மிடுக்கைப் பற்றிப் பேசினார். ஆகவே மிடுக்கைப் பற்றியே பேசுவோம்.

எது பழமை?

விழாக் கடிகாரமே மூலம், விளையாட்டுக் கடிகாரம் பிற்காலச் சேட்டை என்னும் எண்ணம் பரவலாக உள்ளது. வரலாறு அப்படிச் சொல்லவில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிவரை மேலைநாட்டுக் கனவான் தன் கடிகாரத்தைச் சட்டைப்பையில் சங்கிலியிட்டு வைத்திருந்தான். கையில் கட்டுவது பெண்களின் அணிகலனாகவே கருதப்பட்டது. ஆண்களின் கையில் கடிகாரத்தை நிலைநிறுத்தியது முதலாம் உலகப்போர். பதுங்குகுழியில் சேற்றுக்குள் நிற்கும் சிப்பாய் பையைத் துழாவிக்கொண்டிருக்க முடியாது. எனவே கையில் கட்டினான். கண்ணாடி உடையாமல் கம்பித் தடுப்பு வைத்தான். இருளில் தெரிய ஒளிரும் எண்கள் தீட்டினான். அந்தப் போருக்குப் பிறகே, 1920களில், ஜான் ஹார்வுட் என்னும் ஆங்கிலேயர் தானாக முறுக்கிக்கொள்ளும் கைக்கடிகாரத்திற்குக் காப்புரிமை பெற்றார். ரோலெக்ஸ் நிறுவனம் நீர்புகாத ‘ஆய்ஸ்டர்’ கூட்டை 1926இல் கொண்டுவந்தது. விழாக் கடிகாரத்தின் முன்மாதிரி என்று பலரும் போற்றும் பட்டேக் பிலிப்பின் ‘கலட்ராவா’ பிறந்ததோ 1932இல்! ஆக, ஆணின் கைக்கடிகாரம் முதலில் சேற்றில் நின்றது; பிறகுதான் விருந்துக்குப் போனது.

இன்னும் ஒரு வேடிக்கை கேளுங்கள். இன்று கோட்டும் கழுத்துப்பட்டையும் அணிவோர் விரும்பிக் கட்டும் நீள்சதுரக் கடிகாரம் ஒன்று உண்டு, பெயர் ‘ரிவர்சோ’. இந்தியாவில் போலோ ஆடிய ஆங்கிலேய அதிகாரிகளின் கடிகாரக் கண்ணாடிகள் பந்தும் மட்டையும் பட்டு உடைந்ததால், முகத்தைப் புரட்டி மறைக்கும்படி 1931இல் செய்யப்பட்டது அது. குதிரைமேல் ஆடும் விளையாட்டுக்குப் பிறந்த கடிகாரம் இன்று விழாக் கடிகாரம்! நேற்றைய விளையாட்டு இன்றைய மிடுக்கு என்றால், இரண்டுக்கும் நடுவே கோடு கிழித்தது யார்?

‘பழங்காலப் பாணி’ என்னும் சொல்லையும் சற்று உரசிப் பார்ப்போம். 1950களின் விழாக் கடிகாரங்கள் பெரும்பாலும் 33 முதல் 36 மில்லிமீட்டர் விட்டமுடையவை, மெலிந்தவை, சட்டைக் கைக்குள் ஒளிந்துகொள்பவை. நம் மேசைமேல் இருந்த பாம்பினோ 40.5 மில்லிமீட்டர், தடிப்பு ஏறத்தாழ 12 மில்லிமீட்டர். பின்னாளில் 38 மில்லிமீட்டரிலும் வந்தது. அதுவும் பழைய அளவன்று. முகத்தில் பழமை, உடலில் புதுமை. இது பொய் என்று நான் சொல்லவில்லை, விற்பனை என்கிறேன். தானியங்கியாக இருப்பதிலும் ஒரு முரண் உண்டு. விழாவுக்கு மட்டும் எடுத்துக் கட்டும் தானியங்கி ஒவ்வொரு விழாவன்றும் நின்றுபோய்த்தான் இருக்கும். மணியைப் பிறரிடம் கேட்டுத் திருத்திக்கொண்டு கிளம்பவேண்டும்!

உண்மையான பழமை வேறு. பெங்களூரில் எச்.எம்.டி. தொழிற்சாலை சப்பானின் சிட்டிசன் நிறுவனத்தோடு கைகோத்து 1961இல் கைக்கடிகாரம் செய்யத் தொடங்கியது. சாவி கொடுக்கும் ‘ஜனதா’ தமிழகத்தில் எத்தனையோ ஆசிரியர்களின் கையில் பல்லாண்டுகள் ஓடியது. அக்கடிகாரப் பிரிவை மூட இந்திய அரசு 2016இல் முடிவெடுத்தது. இன்று அவற்றைத் தேடி வாங்குகிறார்கள். அதனாலேயே பழைய கூட்டுக்குள் புதிதாய் வண்ணம் தீட்டிய முகத்தைப் பொருத்தி விற்போரும் பெருகிவிட்டனர். உங்கள் தந்தையார் கட்டிய ஜனதா வீட்டில் இருந்தால் பழுதுபார்த்துக் கட்டிக்கொள்ளுங்கள். அதைப் போன்ற அணிகலன் வேறில்லை. அது உங்கள் பழமை. கடையில் விற்பது எவருடையதோ!

கடிகாரம் யார் கையில் இருந்தது?

இதுதான் என் வழக்கின் உயிர்நாடி.

இம்மலைக்குப் பெயர் தந்த வில்லியம் கேமரன் 1885இல் நில அளவைக்கு வந்தார். ஜே.ஏ. ரஸ்ஸல் 1929இல் ‘போ’ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். அதன்பின் எழுந்த தோட்டங்களில் காட்டை அழித்து, சரிவில் செடி நட்டு, கொழுந்து கிள்ளியவர்களில் பெரும்பாலோர் தமிழகத்திலிருந்து வந்தவர்கள். இந்திய அரசு 1938இல் தொழிலாளர் அனுப்புவதைத் தடுக்கும்வரை கங்காணிமார் ஆள்திரட்டி வந்தனர். என் பாட்டனார் அதற்குச் சற்று முன்னர் கப்பலேறியவர்.

பழங்காலப் பாணிக் கடிகாரம் நினைவூட்டும் காலம் அதுதானே? 1930களும் 40களும் 50களும். அந்தக் காலத்தில் அப்படியொரு கடிகாரம் எங்கள் தோட்டத்தில் யார் கையில் இருந்தது? துரையின் கையில். கிராணியின் கையில். என் பாட்டனார் கையில் இருந்தது கவ்வாத்துக் கத்தி. பாட்டியார் முதுகில் இருந்தது கூடை.

அவர்களுக்கு நேரம் என்பது ஓசை. தொங்கவிட்ட தண்டவாளத் துண்டில் அடிக்கும் அடி. தேயிலை ஆலையின் சங்கு. அடித்ததும் பெரட்டுக்கு ஓடவேண்டும். ஒருநாள் என் பாட்டனார் பெரட்டுக்குத் தாமதமாக வந்தார் என்று அரை நாட்கூலி வெட்டப்பட்டது. “ஐயா, மணியடித்தவுடன் புறப்பட்டுவிட்டேன்” என்றாராம். கிராணி தம் கையைத் திருப்பிக் கடிகாரத்தைக் காட்டினாராம். அதற்குமேல் பேச வாயில்லை. அந்தக் கடிகாரம் விரைந்து ஓடியதோ சரியாக ஓடியதோ, யாருக்குத் தெரியும்? சரிபார்க்க மற்றொரு கடிகாரம் லயத்தில் கிடையாது. எவரிடம் கடிகாரம் இருந்ததோ அவர் சொன்னதே நேரம்.

மிகைப்படுத்துகிறேன் என்பீர்களா? நேரத்தை ஆள்வோர் எப்படியெல்லாம் மாற்றினார்கள் என்று பாருங்கள். 1941 முதல் மலாயாவின் கடிகாரம் கிரீன்விச்சைவிட ஏழரை மணி நேரம் முன்னே நின்றது. சப்பானியர் வந்ததும் தோக்கியோ நேரம். ஒரே அடியாக ஒன்றரை மணி நேரம் முன்னே! கும்மிருட்டில் நின்றவர்களிடம் ‘விடிந்துவிட்டது’ என்றார்கள். 1945இல் மீண்டும் பழைய நேரம். பிறகு 1981 டிசம்பர் 31ஆம் நாள் இரவு 11.30க்கே மணி பன்னிரண்டு ஆக்கப்பட்டு, தீபகற்பம் இன்றைய எட்டு மணி நேர வேறுபாட்டுக்கு வந்தது. சபா, சரவாக்கோடு நேரம் ஒன்றானது. இந்தக் கடைசி மாற்றத்திற்கு நியாயமான காரணம் உண்டு; நான் மறுக்கவில்லை. ஆயினும் ஒவ்வொரு முறையும் முள்ளை நகர்த்தியவர் ஒருவர், இருட்டில் எழுந்தவர் மற்றொருவர்.

இப்படிப்பட்ட குடியின் பேரனுக்குக் கடிகாரம் என்பது என்ன? அணிகலனா? இல்லை. ‘நீ சொல்வது நேரமா என்று நானும் பார்க்கிறேன்’ என்னும் உரிமை அது. அந்த உரிமையைக் கையில் கட்டப்போகும் ஓர் இளைஞனுக்கு, துரையின் கையிலிருந்த கடிகாரத்தின் சாயலைப் பரிசளித்து, ‘இதுதான் உன் பாரம்பரியம்’ என்று சொல்லவேண்டுமா? எனக்கு மனம் ஒப்பவில்லை.

நண்பரின் எதிர்வாதங்கள்

ஒன்று: “தொழிலாளி வீட்டுப் பிள்ளை என்றால் முரட்டுப் பொருள்தான் கட்டவேண்டுமா? நயமானது அவனுக்கு ஆகாதா?”

இது வலிமையான கேள்வி. இரண்டு நாள் என்னைத் தூங்கவிடவில்லை. நம் மக்கள் நயமானதை அணியக்கூடாது என்று நான் சொன்னால் என் நாவை அறுக்கலாம். அந்த இளைஞன் தன் முதற்சம்பளத்தில் பத்து விழாக் கடிகாரங்கள் வாங்கட்டும்; முதல் ஆளாகப் பாராட்டுவேன். நான் மறுப்பது நயத்தை அன்று. நயம் என்றால் துரையைப் போல் இருப்பதே என்னும் அளவுகோலை மறுக்கிறேன். தெளிவான எண்கள், பிழைபடாத முட்கள், ஈரத்திற்கு அஞ்சாத கூடு — இவற்றிலும் நயம் உண்டு. பழமை பேசாமலே மதிப்புப் பெறலாம் என்பதற்கு நம் நாட்டிலேயே சான்றிருக்கிறது. மிங் தேன் என்னும் மலேசியர் தம் நண்பர்களோடு 2017இல் தொடங்கிய ‘மிங்’ கடிகாரம், தாத்தா காலத்துக் கதை எதுவும் சொல்லாமல், 2019இல் செனீவாவின் புகழ்பெற்ற கடிகார விருதுகளில் ஒன்றை வென்றது.

இரண்டு: “விளையாட்டுக் கடிகாரமும் வேடம்தானே? கடலையே பாராதவன் கையில் முத்துக்குளிப்போன் வளையம் எதற்கு?”

உண்மை. ஒப்புக்கொள்கிறேன். அந்தச் சுழல்வளையம் இந்த மலையில் அலங்காரமே. ஆனால் ஒரு வேறுபாடு: வளையத்தை அவன் ஒருநாளும் திருகாமற் போனாலும், நீர்த்தாங்கலும் ஒளிப்பூச்சும் நாள்தோறும் அவனுக்கு உழைக்கும். நான் வகுப்பிலேயே வளையத்தைப் பயன்படுத்துவேன். பதினைந்து நிமிடக் குழுப்பணிக்கு அது போதும்.

மூன்று: “துல்லியமே வேண்டுமென்றால் இரண்டுமே வேண்டாமே?”

இதிலும் உண்மை உண்டு. இந்த விலையில் கிடைக்கும் தானியங்கிகள் நாளொன்றுக்குச் சில பத்து நொடிகள் முன்பின் ஓடலாம் என்று செய்பவர்களே சொல்கிறார்கள். நூறு வெள்ளி குவார்ட்சு கடிகாரம் மாதத்திற்குப் பதினைந்து நொடி அளவில் நிற்கும். துல்லியம் ஒன்றே நோக்கமென்றால் அதைத்தான் வாங்கவேண்டும். ஆனால் பரிசு என்பது பல்லாண்டு உடன்வர வேண்டியது. மின்கலம் தேடி மலையிறங்க வேண்டாத பொருள், கையசைவிலேயே உயிர்வாழும் பொருள், ஆசிரியனுக்குப் பொருத்தம் என்று குழு முன்பே ஒருமனதாக முடிவு செய்துவிட்டது. கரும்பலகையில் எழுதும் கையின் அசைவே அதற்கு உணவு!

இன்னொரு சிறு செய்தியும் உண்டு. சீக்கோ 5 வரிசைக் கடிகாரங்கள் பலவற்றைத் திருப்பிப் பாருங்கள். பின்புறக் கண்ணாடி வழியே தெரியும் இயந்திரத்தில் ‘மலேசியா’ என்று பொறித்திருக்கும். நம் நாட்டுத் தொழிலாளர் கைபட்ட இயந்திரம். பாரம்பரியம் பேசுவோர் இதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளட்டும். தமிழாசிரியன் என்ற முறையில் எனக்கொரு குறையும் உண்டு: நான் பார்த்த எந்தக் கிழமைச் சில்லிலும் தமிழ் இல்லை.

தாயார் கேட்ட இரண்டு கேள்விகள்

வழக்கை முடிக்குமுன், ஐவரும் கேட்க மறந்த ஒருவரிடம் கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் அந்த இளைஞனின் தாயாரைக் கண்டேன். பரிசு பற்றி மகனிடம் சொல்லவேண்டாம் என்று கேட்டுக்கொண்டு, கைப்பேசியில் இரண்டு படங்களையும் காட்டினேன். நீண்ட நேரம் பார்த்தார். விலையைக் கேட்கவில்லை. எது அழகு என்றும் சொல்லவில்லை.

“சார், இருட்டுல மணி தெரியுமா?” என்று கேட்டார். பிறகு, “தண்ணி பட்டா கெட்டுப் போயிடாதே?” என்றார்.

முப்பதாண்டுகளாக விடியுமுன் எழுந்து, பனியில் நனைந்து கொழுந்து பறிப்பவரின் கேள்விகள் அவை. நாங்கள் ஐவரும் படித்தவர்கள். கூட்டம் முழுதும் ‘மிடுக்கு’ பற்றியே பேசினோம். இந்த இரண்டு கேள்விகளை ஒருவரும் கேட்கவில்லை, நான் உட்பட.

வருகிற வெள்ளிக்கிழமை கூட்டத்தில் இக்கேள்விகளை அப்படியே வைப்பேன். அதன்பின்னும் பெரும்பான்மை விழாக் கடிகாரத்தின் பக்கம் நின்றால் முடிவுக்குக் கட்டுப்படுவேன். பரிசை முகமலர்ந்து கொடுப்பேன். ஆனால் பரிசுப் பெட்டியோடு வைக்கும் வாழ்த்து மடலில் ‘பாரம்பரியம்’ என்று எழுதவேண்டாம் என்பது என் ஒரே வேண்டுகோள். எங்கள் தோட்டத்தின் பாரம்பரியம் அந்தப் பெட்டிக்குள் இல்லை. அது நாளை காலையும் இருட்டில் எழுந்து பெரட்டுக்குப் போகும்.

அன்புடன்,
மலைநாட்டுத் தமிழாசிரியன்